ஸ்கோர் சொல்லாத ஒரே நாள்

போன புதன்கிழமை காலை ஃபேக்டரி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தவள் தைலம் பாட்டிலைத் திறந்தாள். பச்சைத் தைலம். ஆட்டம் இறுகும்போதெல்லாம் நீ நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொள்வாயே, அதே வாசனை. பஸ் இன்னும் மேரு ரோட்டுக்குத் திரும்பக்கூட இல்லை, எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "மூடு அத!" என்று கத்தினேன். பாவம், அவளுக்குத் தலைவலி. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்னாக்கா, காலையிலேயே சாமி வந்திருச்சா?" என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள்மேல் எனக்கு என்ன கோபம்? கோபமெல்லாம் உன் மேல்தான்.

செத்துப்போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் உருகி உருகி எழுதுகிறார்கள். பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு உன் சொந்தக்காரர்களும் 'அன்புத் தெய்வமே' என்றுதான் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. தெய்வமாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நீ. சீட்டாட்டத்தில் பக்கத்து ஆள் கையை எட்டிப் பார்ப்பவள். சத்தியம் செய்த கையாலேயே அதை உடைப்பவள். நாலு மாதமாக மனசுக்குள்ளேயே உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், போதவில்லை. அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் இரண்டு பேரையும் இந்தப் பந்தாட்டத்தில் இழுத்துவிட்டது உன் புருஷன். அந்த ஒன்றுக்காவது அந்த ஆள் உபயோகப்பட்டான். அப்போது நாம் இருவரும் கிளவ்ஸ் ஃபேக்டரியில் ஒரே லைனில் ஓட்டை இருக்கிற கையுறைகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வந்து, "வா டி, அந்த ஆள இழுத்துட்டு வருவோம்" என்றாய். கிள்ளானில் ஒரு தளவாடக் கடைக்கு மேலே பூல் சென்டர். படியேறும்போது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினாய். உள்ளே போனால் உன் புருஷன் ஒரு மூலையில் நிற்கிறான். நடுமேசையில் ஒரு சீனக் கிழவர் ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் கோலால் இடித்த வெள்ளைப் பந்து மேசையின் ஓரத்தில் மூன்று பக்கம் மோதி, ஒளிந்திருந்த பந்தைத் தேடிப் போய்த் தட்டியது. நீ அப்படியே நின்றுவிட்டாய். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "இரு லா, அந்த ஒம்போதாம் பந்து குழியில விழட்டும்" என்றாய்.

அன்று நாம் திரும்பியபோது உன் புருஷன் நமக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். ஆளைத் தேடிப் போனவள் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாய். இரண்டு வருஷம் கழித்து அவன் வேறொருத்தியோடு போனான். பூல் உன்னிடம் தங்கிவிட்டது. "நல்ல பங்குதான் எனக்கு வந்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் அழுகை இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பாய்.

பிறகு நீ மகளைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூருக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ் போனாய். ஃபோட்டோஸ்டேட் கடையில் வேலை, அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் வீடு. பெரிய போட்டிகளின் அட்டவணை வெளியானதும் கடை மெஷினிலேயே அதை நாலு மடங்கு பெரிதாக்கி எடுத்து, வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுவாய். அறுபத்து நாலு பேர் பெயர். யார் யாரோடு, எந்த நாள், எந்த மேசை, எல்லாம் பென்சிலில். நான் ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்து வந்ததும் முதலில் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன்.

வெளிநாட்டுப் பெயர்கள் நம் வாயில் நுழையாது என்பதால் ஒவ்வொருவனுக்கும் ஒரு முறை வைத்துக் கூப்பிட்டோம். எதற்கெடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஜெர்மன்காரன் சம்பந்தி. பந்தை விட்டுவிட்டு மேலே விளக்கைப் பார்த்து முறைக்கிற அமெரிக்கன் பெரியப்பா. பிலிப்பீன்ஸ்காரன், இடது கையால் ஆடுகிற ஒல்லிப்பிச்சான், நம்முடைய தம்பி. அவன் முதல் சுற்றிலேயே தோற்று மூட்டை கட்டின காலத்திலிருந்து நாம் அவன் பின்னால்தான் இருந்தோம். அவனுக்குக் கல்யாணமானது, குழந்தை பிறந்தது, தோளில் அடிபட்டு ஒரு வருஷம் ஆடாமல் இருந்தது எல்லாம் நமக்குச் சொந்த வீட்டு விஷயம். உன் கீழ் வீட்டு அம்மா ஒருநாள் நாம் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தம்பிக்குத் தோள் இப்ப எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாரே. நீ கொஞ்சமும் சிரிக்காமல், "இப்பப் பரவால்லங்க ஆன்டி, சாமி புண்ணியத்துல" என்றாய்.

இப்போது அந்தப் பாழாய்ப்போன சத்தியத்துக்கு வருகிறேன்.

எனக்குக் காலை ஷிப்ட், மூன்று மணிக்கு முடியும். நீ பாதி நாள் வேலைக்கு மாறின பிறகு மதிய ஆட்டங்களை நேரலையில் பார்த்தாய். நான் வீட்டுக்கு வந்து பதிவில் பார்ப்பேன். பதிவில் பார்ப்பதில் உள்ள வில்லங்கம் அதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். பதினொரு தடவை அந்த ஒன்பதாம் பந்தை விழவைத்து முதலில் பதினொரு ரேக் எடுப்பவன் ஜெயிப்பான் என்ற ஆட்டத்தில் ஒருவன் ஒன்பது, இன்னொருவன் நாலு என்று இருக்கும்போது, டிவியின் அடியில் ஓடுகிற கோட்டில் இன்னும் முக்கால் மணி நேரம் மிச்சம் என்று தெரிந்தால் என்ன சுவாரசியம்? பின்னால் இருப்பவன் எழுந்து வரப்போகிறான் என்று தெரிந்துவிடும். அதனால் அந்தக் கோடு தெரியாமல் இருக்க டிவியின் அடி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அட்டை வெட்டி ஒட்டினேன். என் வீட்டுக்கு வருகிறவர்கள் டிவி உடைந்துவிட்டது என்று நினைத்தார்கள். அட்டையை ஒட்டி என்ன பிரயோசனம்? உன் வாயை ஒட்ட முடியவில்லையே.

தம்பி முதல்முறை பெரிய கோப்பையைத் தூக்கிய நாளில் நான் பஸ்ஸில் இருக்கும்போதே போன் பண்ணி, "நம்ம தம்பி தூக்கிட்டான் லா!" என்று அலறினாய். பத்து வருஷமாகக் காத்திருந்த ஆட்டம். ஒன்பது நாள் நான் உன்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து புட்டு கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்தாய். வாசலிலேயே நின்று, தலையில் கை வைத்து, "எம் மக மேல சத்தியமா, இனிமே ஸ்கோர் சொல்ல மாட்டேன்" என்றாய். அன்று நாம் சட்டம் போட்டோம். முதலில் பார்த்தவள் கூப்பிடக் கூடாது. மீறிக் கூப்பிட்டால் பார்க்காதவள் எடுக்கக் கூடாது. அவள் பார்த்து முடித்துவிட்டு அவளாகத்தான் கூப்பிட வேண்டும்.

அந்தச் சத்தியத்தை நீ எத்தனை முறை காப்பாற்றினாய்? ஒரு வாரத்துக்குள் போன் வந்தது. "ஒன்னும் சொல்ல மாட்டேன் லா. ஆனா பசியாறிட்டுப் பாரு, வெறும் வயித்துல பாக்காத." அதற்கப்புறம் நான் பார்ப்பதற்கு என்ன மிச்சம்? இன்னொரு நாள், "பிரஷர் மாத்திர போட்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாய். ஒருநாள் எதுவுமே சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டாய். அந்தப் பெருமூச்சிலேயே தம்பி சம்பந்தியிடம் தோற்றது எனக்குத் தெரிந்துபோனது. கடைசியில் நான் கெட்டியாகிவிட்டேன். ஆட்ட நாளில் உன் பெயர் போனில் வந்தால் வெட்டிவிடுவேன். நீ கெஞ்சினாலும் ஆறு மணிக்கு மேல்தான்.

இதையெல்லாம் ஒரு காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது ஒவ்வொன்றையும் நினைக்கும்போது பல்லைக் கடிக்கிறேன். நீ ஒரே ஒரு முறை ஒழுங்காக இருந்திருந்தால், அன்று போன் அடித்தபோது, 'இவள் இப்படிக் கூப்பிட மாட்டாளே' என்று எனக்குத் தோன்றியிருக்கும்.

அன்று வியாழக்கிழமை. மணிலாவில் அரையிறுதி. அவர்களுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் மதியம் ஒரு மணிக்கே ஆட்டம். நீ கடையிலிருந்து பன்னிரண்டு மணிக்கே மேலே போய்விட்டாயாம். உன் முதலாளி பிறகு சொன்னார்: "போகும்போதே ஒரு மாதிரியா வேர்த்துச்சுங்க. கேட்டா, வயித்துல கேஸ்தான் பாஸ், தம்பி ஆட்டம் இருக்குன்னு போயிட்டாங்க." போகும்போதே வேர்த்திருக்கிறது. தெருவுக்குத் தெரு கிளினிக் இருக்கிற இடத்தில் குடியிருந்துகொண்டு, வேர்க்க வேர்க்க மாடியேறிப் போய் பந்து பார்த்திருக்கிறாய். உன்னை என்ன சொல்லித் திட்டுவது?

நான் நாலு மணிக்கு உட்கார்ந்தேன். இரண்டாவது ரேக் ஓடுகிறது, போன் அடித்தது. உன் பெயர். வெட்டினேன். மறுபடி அடித்தது. வெட்டினேன். மூன்றாவது முறை அடித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. வெட்டிவிட்டு எழுதினேன்: "வாய மூடிக்கிட்டு இரு டி. ஆறு மணிக்குக் கூப்பிடுறேன்." நீ படித்துவிட்டாய் என்று இரண்டு நீலக் குறி வந்தது. கொஞ்ச நேரத்தில் உன்னிடமிருந்து ஒரு குரல் செய்தி. எனக்குத் தெரியாதா உன் தந்திரம்? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு மணி நேரம் ஆட்டம் பார்த்தேன். அதை உனக்கு மறைக்காமல் சொல்கிறேன். ரசித்துப் பார்த்தேன். நடுவில் எழுந்து தேத்தண்ணீர் கலக்கி, பிஸ்கட்டை முக்கித் தின்றுகொண்டே பார்த்தேன். தம்பி பத்துக்குப் பத்து என்று நிற்கும்போது, மறைந்திருந்த மூன்றாம் நம்பர் பந்தை வெள்ளைப் பந்தைத் துள்ள வைத்து அடித்தான். நான் சோபாவிலிருந்து குதித்து எழுந்து, தனியாக வீட்டில் கைதட்டினேன். ஒன்பதாம் பந்து விழுந்ததும் போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. திட்டியதற்குக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். நாலு தரம் கூப்பிட்டுவிட்டுத்தான் உன் குரல் செய்தியைத் திறந்தேன்.

"சரி சரி, திட்டாத. ஸ்கோர் சொல்ல மாட்டேன் லா, பயப்படாத. நெஞ்சு ஒரு மாதிரி அழுத்துது. தைலம் தேச்சிருக்கேன். கீழ் வீட்டு ஆன்டியும் ஊர்ல இல்ல. நீ பாத்து முடிச்சிட்டுக் கூப்பிடு. அவசரம் இல்ல."

அவசரம் இல்ல. அடியே, அவசரம் இல்லையா? இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடக் காப்பாற்றாத சத்தியத்தை அன்றைக்குத்தான் காப்பாற்ற வேண்டுமா? 'தம்பி ஜெயிச்சிட்டான், ஓடி வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆட்டம் கெட்டுப்போயிருக்கும், கோபத்தில் போன் பண்ணிக் கத்தியிருப்பேன், உன் குரலைக் கேட்டிருப்பேன். கேட்டால் எனக்குத் தெரியாதா? உன் பெருமூச்சை வைத்தே ஸ்கோர் சொல்கிறவள் நான். உனக்கு ஆம்புலன்ஸ் நம்பர் தெரியாதா? கீழே கடையில் முதலாளி இல்லையா? மாடியிலிருந்து ஒரு சத்தம் போட்டால் பிரிக்ஃபீல்ட்ஸே வந்து நின்றிருக்குமே. வாய், வாய் என்று ஊரே சொல்லும் வாய் அன்றைக்கு எங்கே போனது?

நான்தான் மூடச் சொன்னேன். தெரியும். அதை நீ சொல்ல வேண்டாம்.

முதலாளிக்குப் போன் பண்ணினேன். அவர் காவலாளியைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பிக் கதவை உடைத்தார். நான் கொமுட்டரில் நின்றுகொண்டே வந்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் நின்றபோது எனக்குக் கொலைவெறி வந்தது. ஆஸ்பத்திரியில் தமிழ் டாக்டர் ஒருத்தி, உன் மகள் வயதுதான் இருக்கும், என்னை உட்காரச் சொன்னாள். நாலரை மணிக்கே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்க ஆன்டி" என்றாள். பிழைத்திருப்பாள் என்றால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டிருப்பேன். பிழைத்திருக்க மாட்டாள் என்றால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அவள் இரண்டையும் சொல்லவில்லை. உன்மேல் தைல வாசனை அடித்துக்கொண்டே இருந்தது.

உன் சாவு வீட்டுக்கு உன் புருஷனும் வந்தான். வேட்டி கட்டிக்கொண்டு தலைமாட்டில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம், "பந்து பாத்துக்கிட்டே போயிட்டா, குடுத்து வச்சவ" என்றான். அவன் சட்டையைப் பிடித்துக் கேட்க நினைத்தேன். முடியவில்லை. பிடித்திருந்தால் என்ன நடந்தது என்று நானும் சொல்ல வேண்டியிருக்குமே.

அந்த வீட்டில்தான் நான் ஒரு தப்பைச் செய்தேன். உன்னைத் திட்டுவதற்கு எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, அதைவிட அதிகமாக உன் மகளுக்கு என்னைத் திட்ட உரிமை இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் உன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆன்டி, அம்மா கோடு எப்படிப் போட்டுத் தொறப்பாங்கன்னு தெரியுமா? போட்டோ, வாய்ஸ் எல்லாம் இதுலதான் இருக்கு."

எனக்குத் தெரியும். உன் போனை உன்னைவிட நான்தான் அதிகம் நோண்டியிருப்பேன். மேல் வரிசையில் தொடங்கி, வளைந்து வளைந்து இறங்கி, ஒன்பது புள்ளியையும் தொட வேண்டும். "ஒம்போதும் விழணும், அப்பத்தான் தொறக்கும்" என்று நீயே காட்டினாய். அது திறந்தால் முதலில் என்ன வரும்? 'வாய மூடிக்கிட்டு இரு டி.' அதைத்தான் உன் மகள் பார்ப்பாள்.

"தெரியாது மா" என்றேன்.

"கடைசியா உங்ககிட்டதான் பேசினாங்களா?"

"சும்மா, மேட்ச் பத்தி."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நான் போனை அணைப்பதே இல்லை. ஃபேக்டரியில் போனை லாக்கரில் வைக்க வேண்டும் என்பது சட்டம். நான் ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டேன், எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சூப்பர்வைசரிடம் "குடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். யார் கூப்பிட்டாலும் எடுக்கிறேன். லோன் வேண்டுமா என்று கேட்கிறவனோடுகூட முழுசாகப் பேசி முடித்துவிட்டுத்தான் வைக்கிறேன். ஆட்டம் பார்ப்பதை விட்டுவிட்டேன். மணிலாவில் இறுதி ஆட்டம் என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மாதம் உன் மகள் வேலை பார்க்கிற ஜொகூரிலிருந்து கூப்பிட்டாள். "ஆன்டி, கோலாலம்பூர்லயே பெரிய டோர்னமெண்ட் வருது. அம்மா காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காங்க. நான் டிக்கெட் எடுத்துட்டேன், நாம ரெண்டு பேரும் போறோம்." சின்ன வயதில் நாம் பந்து பார்க்கிறோம் என்று சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிடவே வெட்கப்பட்டவள் அவள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிறு போனோம். இத்தனை வருஷம் கழித்துத் தம்பியை நேரில் பார்த்தேன். டிவியில் தெரிவதைவிடக் குட்டை. காதோரம் நரைத்திருக்கிறது. மேசையைச் சுற்றி நடக்கும்போது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான், இன்னும் வலி இருக்கும்போல. உன் மகள், "இதுல தம்பி யாரு ஆன்டி?" என்று காதில் கேட்டாள். காட்டினேன். "இவருக்கா அம்மா வேண்டுதல் வச்சாங்க?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் போனை அணைக்க வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள். உன் மகள் அவளுடையதை அணைத்தாள். பிறகு பைக்குள் கைவிட்டு, அணைப்பதற்காக இன்னொரு போனை எடுத்தாள். உன்னுடையது. அதே கீறல் விழுந்த சிவப்பு உறை. திரையில் நீ பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாய்.

"இன்னும் வச்சிருக்கியா மா?"

"தெனமும் சார்ஜ் போடுவேன் ஆன்டி. தூங்கப் போறதுக்கு முன்னால ரெண்டு மூணு கோடு போட்டுப் பாப்பேன். கடையில குடுத்தா தொறந்து தருவாங்களாம், ஆனா எல்லாம் அழிஞ்சிடுமாம். ஒரு நாளைக்கி எனக்கே கெடச்சிடும்ல?"

நாலு மாதமாக அவள் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே என் விரலிலேயே அது இருக்கிறது. அப்போது எனக்கு உன் மேல் வந்த கோபத்தைவிட ஆயிரம் மடங்கு என் மேல் வந்தது. மேசையில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. தம்பி ஏழு, எதிராளி ஏழு என்று பலகையில் இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அரங்கமே அமைதியாக இருக்கும்போது அடித்தது. குனிந்திருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருஷப் பாசத்துக்கு அவன் என்னைப் பார்த்த முதல் பார்வை அதுதான், முறைத்தான். அங்கே வேலை பார்க்கிற மலாய்ப் பெண் குனிந்தபடியே ஓடிவந்தாள்.

"ஆன்டி, சோரி யா. ஹென்போன் ஆஃப், ப்ளீஸ்."

"முடியாது" என்றேன், தமிழிலேயே. அவளுக்கு என் முகம் புரிந்திருக்கும். வெளியே போகும்படி வாசலைக் காட்டினாள். நான் எழுந்து போனேன். கூப்பிட்டது ராங் நம்பர். உன் மகள் பின்னாலேயே ஓடிவந்தாள்.

"என்னாச்சு ஆன்டி? எதுக்கு அவங்ககிட்ட சண்ட?"

வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்தேன். "அந்தப் போனக் குடு மா" என்றேன். அவள் கொடுத்தாள். அதைப் போட்டுவிட்டு, மறுபடி உயிர் பெற்று வருகிறவரைக்கும் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேல் வரிசையில் தொடங்கி, வளைந்து வளைந்து, ஒன்பதையும் தொட்டேன். திறந்துகொண்டது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியாதுன்னு சொன்னீங்க."

"தெரியும். பொய் சொன்னேன். படி."

அவள் படித்தாள். உன் குரல் செய்தியைக் கேட்டாள். மறுபடி கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டில் போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன். அவள் எழுந்து போய்விட்டால் தனியாகக் கிள்ளானுக்கு எப்படிப் போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"உங்க மேல கோவம் இருக்கு ஆன்டி" என்றாள். "இந்த நாலு மாசத்துக்கு. அது சீக்கிரம் போவாது."

"போவ வேணாம்" என்றேன்.

அவள் உன் போனில் வேறு எதையோ தேடினாள். அன்றைய அழைப்புகளின் பட்டியல். மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மூன்று அழைப்பு, மூன்றும் எனக்கு. வேறு யாருக்கும் இல்லை.

"எனக்குக் கூப்பிடவே இல்ல."

"நீ மீட்டிங்ல இருப்பேன்னு நெனச்சிருப்பா மா. எப்பவும் அப்படித்தான் சொல்லுவா. தொந்தரவு பண்ணக் கூடாதும்பா."

"அன்னைக்கி எனக்கு ஆஃப் டே" என்றாள். "வீட்லதான் இருந்தேன். துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன். போன் பக்கத்துலயே இருந்துச்சு."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உன் சிரித்த படத்தைப் பார்த்துக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா மேல அவ்ளோ கோவமா வருது ஆன்டி."

சாவு வீட்டிலிருந்து அன்றுவரை உன்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை. பாவம் என்றார்கள், புண்ணியவதி என்றார்கள், தெய்வம் என்று பத்திரிகையில் போட்டார்கள். நான் ஒருத்திதான் கோபத்தை வெளியே சொல்ல முடியாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தலைவலிக்காரி மேல் விழுந்து பிடுங்கிக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன். அப்படிச் சொன்ன வாயை எனக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

"எனக்கும்தான் மா" என்றேன். "திட்டு. நல்லாத் திட்டு. அவளுக்கு வேணும்."

அவள் திட்டினாள். நானும் திட்டினேன். வேர்த்ததைச் சொல்லித் திட்டினோம், தைலத்தைச் சொல்லித் திட்டினோம், அவசரம் இல்ல என்ற அந்த இரண்டு வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லித் திட்டினோம். படியேறிப் போனவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். பேச்சுக்கு நடுவில் உள்ளேயிருந்து பெரிய கைதட்டல் கேட்டது. ஆட்டம் முடிந்துவிட்டது. "போய்ப் பாக்கலாமா ஆன்டி?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். அவளும் சரி என்று மறுபடி உட்கார்ந்து, நீ அவள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வராமல் ஏதோ ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த கதையை ஆரம்பித்தாள்.

அன்று திட்டித் தீரவில்லை. அடுத்த வாரம் அவள் லீவு போட்டுவிட்டுக் கிள்ளானுக்கு என் வீட்டில் தங்க வருகிறாள். நீ நிம்மதியாக இருந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. இனி உனக்கு நாங்கள் இரண்டு பேர்.